போர் விமானிகளின் புற்றுநோய்: இன்னும் ஒரு ஆய்வுச் சட்டம் எதற்கு?

2025 செப்டம்பர் 2

வாசகர் ஒருவரின் கேள்வி: "அமெரிக்காவில் ராணுவ விமானங்களில் பறந்தவர்களுக்குப் புற்றுநோய் அதிகமா என்று ஆராய ஆகஸ்டில் ஒரு சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஏசஸ் சட்டம் என்கிறார்கள். அதிகம்தான் என்று பென்டகனே 2023ல் அறிக்கை கொடுத்துவிட்டது. தெரிந்ததையே திரும்ப ஆராய ஒரு சட்டமா? காலத்தைக் கடத்தும் வேலைதானே இது?"

2025 செப்டம்பர் 2, மாலை

பாதி சரி. மற்ற பாதிக்கு அந்த 2023 அறிக்கைக்குள்ளேயே பதில் இருக்கிறது.

1992 முதல் 2017 வரை விமானத்தில் பறந்தவர்கள், தரையில் நின்று பராமரித்தவர்கள் என்று ஏறக்குறைய 9 லட்சம் பேரின் பதிவுகளை எடுத்து, அதே வயது, பால், இனம் கொண்ட பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். பறந்தவர்களுக்கு எல்லாப் புற்றுநோயும் சேர்த்து 24 சதவீதம் அதிகம். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் 87 சதவீதம், தைராய்டு 39 சதவீதம் அதிகம். தரைப் பணியாளர்களுக்கு மூளை, நரம்பு சார்ந்தவை 19, தைராய்டு 15, சிறுநீரகம் 9 சதவீதம் அதிகம்.

தலைப்புச் செய்தியில் வராத விஷயம், இறப்பு விகிதம் இரு தரப்பிலும் பொதுமக்களைவிடக் குறைவு. நோய் அதிகம், சாவு குறைவு. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். பறப்பவர்களுக்கு வருடா வருடம் உடல் பரிசோதனை உண்டு. தோலில் ஒரு மச்சம் நிறம் மாறினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் கணக்கில் அதிகமாகத் தெரியலாம். அல்லது நோய் உண்மையிலேயே அதிகமாக வந்து, சீக்கிரம் பிடிபட்டதால் பிழைத்திருக்கலாம். எது சரி என்று அந்த அறிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. காரணம் என்ன என்று தேடுவது இரண்டாம் கட்டம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

1992க்கு முன்னால் பறந்து முடித்தவர்களும் அந்தக் கணக்கில் முழுசாக வரவில்லை. வியட்நாமில் பறந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இருப்பவர்கள். புற்றுநோய் வருகிற வயதே அதுதான். அவர்களை விட்டுவிட்டு எடுத்த கணக்கு என்ன கணக்கு? புதுச் சட்டம் வேலையை முன்னாள் படைவீரர் நலத்துறை வழியாக தேசிய அகாதமிகள் என்ற, அரசைச் சாராத அறிவியல் ஆலோசனை அமைப்பிடம் கொடுக்கிறது. அந்த அளவில் இது தேவையான சட்டம்தான்.

காலம் கடத்தலா என்பதற்கு அப்புறம் வருகிறேன். அது பெரிய கதை.

2025 செப்டம்பர் 4

"நீங்கள் ராணுவத்தில் இருந்தீர்களா" என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. தொழில்வழி நோய்களை ஆராயும் ஓர் இடத்தில் தரவு சரிபார்க்கிற வேலை பார்த்தேன். யார், எந்த வருடம், எந்த இடத்தில், எதன் பக்கத்தில் நின்றார்கள் என்ற பட்டியலை ஒழுங்கு செய்வது. மருத்துவப் பக்கம் எப்போதும் சுத்தமாக இருக்கும். நோயின் பெயர், தேதி, திசுப் பரிசோதனை முடிவு எல்லாம் வந்துவிடும். எங்கே நின்றார் என்ற பத்தி மட்டும் காலியாகக் கிடக்கும். இல்லாவிட்டால் அவர் சம்பளம் வாங்கிய தலைமையகத்தின் பெயர் இருக்கும், அவர் ஒருநாளும் நிற்காத இடம். அந்த எரிச்சலில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 7

காலம் கடத்தல் பற்றி.

வியட்நாமில் 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானப்படை காடுகளின் மேல் களைக்கொல்லி தெளித்தது. அதில் முக்கியமானது ஏஜென்ட் ஆரஞ்ச். அதில் கலந்திருந்த நஞ்சு டையாக்சின். திரும்பி வந்தவர்களுக்கு எழுபதுகளின் கடைசியில் நோய்கள் தெரிய ஆரம்பித்தன. 1979 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: நலத்துறை இதை ஆராய வேண்டும். ஆய்வை எப்படி நடத்துவது என்று திட்டம் போடுவதிலேயே நலத்துறை மூன்று வருடத்தைத் தொலைத்தது. 1983ல் வேலை சிடிசி என்கிற நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போனது. 1987ல் சிடிசி கையை விரித்தது. தரைப்படை வீரர் யார் எவ்வளவு நஞ்சுக்கு ஆளானார் என்பதை ராணுவப் பதிவுகளை வைத்துக் கணக்கிட முடியாது, ஆகவே ஆய்வே செய்ய முடியாது என்று முடித்துவிட்டார்கள். சட்டம் போட்டு எட்டு வருடம், கையில் ஒன்றுமில்லை.

அவர்கள் ஆதாரமாகக் காட்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. வியட்நாமில் களத்தில் இருந்த 646 பேர், அங்கே போகாத 97 பேர். இரு தரப்பு ரத்தத்திலும் டையாக்சின் சராசரி லட்சம் கோடியில் 4 பங்கு சுற்றிதான். வித்தியாசமே இல்லை என்றால் என்னத்தை ஆராய்வது என்பது அவர்கள் வாதம். ரத்தம் எடுத்தது 1987ல். உடம்பில் போன டையாக்சின் பாதியாகக் குறைய ஏழெட்டு வருடம் ஆகும். இருபது வருடம் கழித்து எடுத்த ரத்தத்தில் அன்றைய கதை எவ்வளவு மிச்சம் இருக்கும்? கடுமையாக நனைந்தவர்களிடம் அப்போதும் தெரியும். தெளித்த விமானங்களில் வேலை பார்த்தவர்களிடம் தெரிந்தது. நடுத்தரமாக ஆளானவர்கள் பொதுமக்களோடு கலந்துவிடுவார்கள்.

1990ல் கீழவைக் குழு ஒன்று, வெள்ளை மாளிகையே இந்த ஆய்வை முடக்கியது என்று அறிக்கை கொடுத்தது. அதை எவ்வளவு தூரம் நம்புவது என்பதில் எனக்கே ஊசலாட்டம் உண்டு. நான் பார்த்த இடங்களில் சதி வேண்டியதே இல்லை. "தரவு போதாது" என்று எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகும் சோம்பல் போதும்.

ஆனால் முடியாது என்றது முடிவான பேச்சு இல்லை. தெளித்த விமானங்கள் பறந்த பாதைகளின் பதிவு கணினி நாடாவில் இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜீன் ஸ்டெல்மன் குழு அதைப் படைப்பிரிவுகள் நின்ற இடங்களோடு பொருத்திப் பார்க்கும் முறையை உருவாக்கியது. 2003ல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, தெளித்த அளவே அதுவரை நினைத்ததைவிட 70 லட்சம் லிட்டர் அதிகம்.

2025 செப்டம்பர் 7, இரவு

மேலே எழுதியதோடு சேர்த்து: எல்மோ ஜும்வால்ட். வியட்நாமில் அமெரிக்கக் கடற்படைக்குத் தலைவராக இருந்தவர். ஆற்றங்கரைப் புதர்களிலிருந்து படகுகளைச் சுடுகிறார்கள் என்று கரையோரம் களைக்கொல்லி தெளிக்கச் சொன்னவர் அவர்தான். அந்த ஆறுகளில் படகு ஓட்டியவர்களில் அவருடைய மகனும் ஒருவர். மகன் 1988ல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் இறந்தார். 1990ல் நலத்துறைச் செயலருக்கு ஜும்வால்ட் கொடுத்த அறிக்கை, அரசு ஆய்வுகளைக் கடுமையாகச் சாடியது. அடுத்த வருடம் வந்த சட்டத்துக்கு அந்த அறிக்கையும் ஒரு உந்துதல்.

2025 செப்டம்பர் 9

அந்த 1991 சட்டத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஏஜென்ட் ஆரஞ்ச் சட்டம். அதில் மூன்று விஷயம் சேர்ந்து வந்தது.

ஆய்வை நடத்துவது நலத்துறை இல்லை. இழப்பீடு கொடுக்க வேண்டியவரிடமே விசாரணையைக் கொடுக்கக் கூடாது என்பது அப்போதாவது புரிந்தது. உலகத்தில் வந்த எல்லா ஆய்வுகளையும் தேசிய அறிவியல் அகாதமி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அலசி, ஒவ்வொரு நோய்க்கும் சான்று எவ்வளவு வலு என்று தரம் பிரிக்க வேண்டும். போதுமான சான்று, ஓரளவு சான்று, போதாத சான்று, தொடர்பில்லை என்பதற்கான சான்று என்று நாலு தட்டு. 1994ல் முதல் அறிக்கை வந்தது.

அடுத்தது, தராசை எங்கே வைப்பது. தொடர்பு உண்டு என்ற சான்றும் இல்லை என்ற சான்றும் சமமாக நின்றால் போதும், வீரர் பக்கம் தீர்ப்பு. விஞ்ஞானி கேட்கிற நிச்சயம் வேறு, சட்டம் கேட்கிற நிச்சயம் வேறு என்று எழுத்தில் ஒத்துக்கொண்டது பெரிய விஷயம்.

மூன்றாவது, யாரும் கவனிக்காத வரி: அறிக்கை கைக்கு வந்து 60 நாளுக்குள் நலத்துறைச் செயலர் முடிவு எடுக்க வேண்டும். உண்டு அல்லது இல்லை. இல்லை என்றாலும் காரணத்தை எழுதி வெளியிட வேண்டும். ஒரு நோய் பட்டியலில் ஏறிவிட்டால், வியட்நாமில் இருந்தேன், இந்த நோய் இருக்கிறது என்ற இரண்டைக் காட்டினால் போதும். அந்த நஞ்சுதான் காரணம் என்று தனியாக நிரூபிக்க வேண்டாம். 2001ல் சர்க்கரை நோய், 2010ல் இதய ரத்தக்குழாய் நோயும் பார்க்கின்சன் என்ற நடுக்குவாதமும் ஏறியது இந்த வழியில்தான்.

சரி, அந்த 60 நாள் வரிக்கு ஆயுள் முடிந்தது 2015 செப்டம்பரில். புதுப்பிக்கவில்லை. 2016 மார்ச்சில் வந்த அகாதமி அறிக்கை, சிறுநீர்ப்பைப் புற்றுநோய், தைராய்டு சுரப்புக் குறைவு இரண்டையும் "ஓரளவு சான்று" தட்டுக்கு ஏற்றியது. பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளையும் சேர்க்கச் சொன்னது. அதே அகாதமி, அதே முறை. ஆனால் செயலரை முடிவு எடுக்கச் சொல்ல இப்போது எந்தக் கெடுவும் இல்லை. அறிக்கை மேசையில் கிடந்தது. செயலர்கள் மாறினார்கள். கடைசியில் 2021 ஜனவரி முதல் தேதி அமலான பாதுகாப்புச் செலவுச் சட்டத்தில் நாடாளுமன்றமே மூன்றையும் நேரடியாக எழுதிச் சேர்த்தது. ரத்த அழுத்தம் 2018 அறிக்கையிலேயே "போதுமான சான்று" தட்டுக்குப் போய்விட்டது; அதற்கு 2022 வரை காத்திருந்தார்கள்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு: காலம் கடந்தது ஆய்வால் இல்லை. ஆய்வு முடிந்த மறுநாள் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதாததால். ஆய்வுச் சட்டம் எது வந்தாலும் நான் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவது இதற்காகத்தான்.

2025 செப்டம்பர் 10

"அப்படியானால் எல்லாச் சட்டத்துக்கும் கடைசிப் பக்கத்தை மட்டும் நிறைவேற்றினால் போதுமே" என்று ஒருவர். போதும்தான். முதல் பக்கத்தில் பெயர் வைப்பதற்கே பாதி நேரம் போகிறது; ஆங்கிலத்தில் முதல் எழுத்துகள் சேர்ந்து ஏதாவது வீரமான சொல் வர வேண்டும்.

2025 செப்டம்பர் 15

பதிவுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன்.

1973 ஜூலை 12. செயின்ட் லூயிஸில் ராணுவப் பணிப்பதிவுகள் வைத்திருந்த கட்டிடத்தின் ஆறாவது மாடி எரிந்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் போயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் பதிவில் 80 சதவீதம். நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது, எது இருந்தது என்ற அட்டவணைகூடக் கிடையாது. நனைந்த கட்டுகளில் 65 லட்சம் கோப்புகளை மீட்டார்கள். உலர்த்தியது எப்படித் தெரியுமா? விண்வெளிச் சூழலைச் சோதிக்க மெக்டானல் டக்ளஸ் நிறுவனம் கட்டி வைத்திருந்த வெற்றிட அறையில். ஜெமினி விண்கலங்களுக்கான அறைக்குள் ஈரக் கோப்புகளை அடுக்கி வைத்தார்கள்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஐம்பதுகளில் நெவாடா அணுகுண்டுச் சோதனையின்போது பதுங்குகுழியில் நிறுத்தப்பட்டவர். வயிற்றுப் புற்றுநோய் வந்தது. 1988ல் வந்த சட்டப்படி, அணுச் சோதனையில் கலந்துகொண்டவருக்கு 13 வகைப் புற்றுநோயில் ஒன்று வந்தால் கதிர்வீச்சு அளவைக் காட்ட வேண்டாம், வயிற்றுப் புற்றுநோயும் அதில் உண்டு. ஆனால் கலந்துகொண்டார் என்பதைக் காட்ட வேண்டுமே! அவர் கோப்பு அந்த 80 சதவீதத்தில்.

மீதி கிடைத்த பக்கத்தின் நகலைக் காட்டினார். சுற்றிலும் ஓரம் கருகி, நகலில் தடித்த கறுப்புச் சட்டமாக விழுந்திருந்தது. நடுவில் ஒரு நீர்க்கறை. தட்டச்சில் பிரிவின் பெயர் தெரிகிறது, எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் கருகலுக்குள் போய்விட்டது. அந்த ஒரு இலக்கத்துக்காகத்தான் மாதக்கணக்கில் அலைச்சல். சம்பளச் சீட்டு, படைப்பிரிவின் தினசரி ஆள்கணக்கு என்று வேறு அலுவலகங்களில் கிடப்பவற்றைத் தேடி எடுத்து, அப்புறம்தான் அந்த இலக்கம் உறுதியானது. கதிர்வீச்சு அளக்கும் பட்டை அவருக்குக் கொடுக்கவில்லை. பிரிவுக்கு ஒன்று என்று யாரோ ஒருவர் சட்டையில் இருந்ததாம்.

இன்னொன்று சொன்னார், அதுதான் எனக்கு ஆறவில்லை. அங்கே நடந்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். 1996ல் அந்தத் தடையை நீக்கிச் சட்டம் வரும்வரை தன் மருத்துவரிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை. நாற்பது வருடம் எந்த மருத்துவக் குறிப்பிலும் "கதிர்வீச்சு" என்ற சொல் இல்லை. இல்லாத குறிப்பை எந்த ஆய்வு எடுக்கும்?

2025 செப்டம்பர் 16

கப்பலில் இருந்தவர்கள் கதை என்ன என்று கேட்டவருக்கு. வியட்நாம் கரையில் கால் வைக்காமல் கடலிலேயே இருந்தவர்களை நலத்துறை நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2019 ஜனவரியில் புரோகோப்பியோ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 12 கடல் மைல் வரை வியட்நாம்தான் என்றது, அதே ஜூனில் சட்டமும் வந்தது. பதிவு விஷயத்தில் இவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கப்பல் எந்த மணிக்கு எங்கே இருந்தது என்று தளக் குறிப்பேட்டில் எழுதுவது கடற்படை வழக்கம். அந்தக் குறிப்பேடுகளை ஸ்கேன் செய்து வைத்துவிட்டார்கள். தரைப்படையில் ஒரு பிளட்டூன் காட்டுக்குள் எந்தத் திசையில் நடந்தது என்பதற்கு அப்படி ஒரு நோட்டு இல்லை.

2025 செப்டம்பர் 24

வளைகுடாப் போர் பற்றி இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை.

1990, 91ல் போனவர்கள் ஏறக்குறைய 7 லட்சம் பேர். திரும்பியவர்களுக்குத் தீராத களைப்பு, மூட்டு வலி, மறதி, வயிற்றுக் கோளாறு. எந்தச் சோதனையிலும் பிடிபடவில்லை. மன அழுத்தம் என்று எழுதி அனுப்பினார்கள். 1994ல் "நோய்க்குப் பெயர் வைக்க முடியாவிட்டாலும் இழப்பீடு" என்று ஒரு சட்டம். 1998ல் ஆய்வுக்கும் ஆலோசனைக் குழுவுக்கும் சட்டம். அந்தக் குழு 2008ல் சொன்னது: போனவர்களில் குறைந்தது நாலில் ஒருவருக்கு இருப்பது உண்மையான நோய்.

இடையில் கமீசியா. 1991 மார்ச்சில் ஈராக்கின் அந்த ஆயுதக் கிடங்கை அமெரிக்கப் படை வெடிவைத்துத் தகர்த்தது. உள்ளே இருந்த ராக்கெட்டுகளில் சாரின் என்ற நரம்பு நஞ்சு. பென்டகன் அதை ஒத்துக்கொண்டது 1996 ஜூனில். அப்புறம் ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குக் கடிதம் போனது, நீங்களும் காற்றின் வழியில் இருந்திருக்கலாம் என்று.

பெயர் தெரியாத நோய்க்கும் இழப்பீடு என்ற சட்டம் எவ்வளவு நல்ல சட்டம்! நடைமுறையில் 2015 நிதியாண்டில் இந்த வகை விண்ணப்பங்களில் ஏற்கப்பட்டவை சுமார் 17 சதவீதம், மற்ற நோய்களுக்கான விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு. அரசின் கணக்காய்வு அலுவலகமே 2017ல் சொன்னது இது. சட்டத்தை எழுதியவர் ஒருவர், விண்ணப்பத்தைப் பார்ப்பவர் வேறொருவர்.

2025 செப்டம்பர் 25

நேற்றைய குறிப்பில் வளைகுடா வீரர்களின் நோய் பற்றி 2022ல் வந்த மருத்துவர் ராபர்ட் ஹேலியின் ஆய்வை விட்டுவிட்டேனே என்று ஒருவர் இடித்துரைத்தார். தனியாக எழுதலாம் என்றுதான் வைத்திருந்தேன், எனக்குப் பிடித்த ஆய்வு அது.

உடம்பில் பிஓஎன்1 என்று ஒரு மரபணு. அது உண்டாக்கும் நொதி சில நஞ்சுகளை உடைக்கும். அதில் க்யூ வகை சாரினை நன்றாக உடைக்கும், ஆர் வகை அவ்வளவாக உடைக்காது. நோயுள்ள 508 பேர், நோயில்லாத 508 பேர். சாரின் அளவு தெரியாது. அதனால் "நச்சுவாயு அபாயச் சங்கு ஒலித்ததைக் கேட்டீர்களா" என்று கேட்டதைத்தான் அளவுகோலாக வைத்தார்கள். உடனே எல்லோருக்கும் வரும் சந்தேகம் எனக்கும் வந்தது. பல வருடம் கழித்துக் கேட்டால், உடம்பு முடியாதவர் எல்லாச் சங்கையும் கேட்டதாகத்தானே நினைப்பார்? ஆனால் ஆய்வின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான். சங்கு கேட்டவர்களுக்குள்ளேயே ஆர் வகைக்காரர்களுக்கு நோய் கூடுதலாக வந்திருந்தது. தன் மரபணு எந்த வகை என்று யாருக்கும் தெரியாது. நினைவு தவறலாம், ஆனால் தெரியாத மரபணுவுக்கு ஏற்றபடி தவறாது. பதிவு இல்லாத இடத்தில் இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று முதல் தடவை படித்தபோது எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

எல்லா வீரருக்கும் சாரின்தான் காரணம் என்று இதிலிருந்து ஆகாது. எண்ணெய்க் கிணறுகள் எரிந்த புகை, பூச்சிமருந்து, நச்சுவாயுத் தற்காப்புக்குக் கொடுத்த மாத்திரை எல்லாம் அதே மாதங்களில்.

2025 அக்டோபர் 3

"அறுபது வயதில் யாருக்குத்தான் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை? எல்லாவற்றையும் பட்டியலில் ஏற்றினால் வரிப்பணம் என்னாவது?"

எதிர்பார்த்த கேள்வி. எளிதான பதில் என்னிடம் இல்லை. பட்டியல் முறையில் நஞ்சால் வராத சர்க்கரைக்கும் பணம் போகும், அது தெரிந்தே செய்வது. தனி ஆளை எடுத்து இவருடைய சர்க்கரை டையாக்சினால் வந்ததா, உடல் பருமனால் வந்ததா என்று சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. இரண்டு தவறில் ஒன்றைச் செய்தாக வேண்டும். இடத்தையும் நாளையும் குறித்து வைக்கும் பொறுப்பு அரசிடம் இருந்தது. குறிக்காமல் விட்டதன் விலையை நோயாளி தலையில் வைக்கக் கூடாது என்பது என் பக்கம். ஆனால் பதிவு நன்றாக இருக்கும் காலத்திலும் இதே தாராளம் வேண்டுமா என்று கேட்டால், யோசிப்பேன். போன மாதம் கேட்டிருந்தால் "வேண்டும்" என்று பட்டென்று சொல்லியிருப்பேன்.

நஞ்சுக்கு ஆளான வீரர்களுக்குச் சிகிச்சையையும் இழப்பீட்டையும் விரிவாக்கியது 2022ன் பேக்ட் சட்டம். அதற்கு முதல் பத்து வருடத்துக்கான மதிப்பீடே ஏறக்குறைய 28,000 கோடி டாலர். ஜூனில் 84க்கு 14 என்ற ஓட்டில் செனட்டில் தேறியது, ஜூலை 27ல் செலவுக் கணக்கை எந்தத் தலைப்பில் காட்டுவது என்ற சண்டையில் முடங்கியது. நோயாளிகளும் குடும்பங்களும் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே ராத்தங்கினார்கள், நகைச்சுவையாளர் ஜான் ஸ்டீவர்ட் மைக்கைப் பிடித்துக் கத்தினார், ஆகஸ்ட் 2ல் 86க்கு 11 என்று நிறைவேறியது.

2025 அக்டோபர் 12

ஒப்பீடு பற்றி முதல் நாள் தொட்டதன் தொடர்ச்சி. ராணுவத்தினரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டால் படை பொதுவாக ஆரோக்கியமாகத் தெரியும். நோஞ்சானைச் சேர்ப்பதே இல்லையே! படையை இன்னொரு படையோடுதான் ஒப்பிட வேண்டும்.

அதைச் சரியாகச் செய்தது லெஜூன் முகாம் ஆய்வு. வட கரோலினாவில் உள்ள அந்த மரைன் (கடல்வழிப் படை) முகாமின் குடிநீரில் 1953 முதல் 1987 வரை கரைப்பான் ரசாயனங்கள் கலந்திருந்தன. முகாமுக்கு வெளியே இருந்த ஒரு சலவை நிலையமும் காரணம். சிகிச்சைக்கு 2012ல் சட்டம் வந்தது. 2023ல் வெளியான ஆய்வு, அதே மாதிரி ஆட்களைக் கொண்ட கலிஃபோர்னியாவின் பெண்டில்டன் முகாமோடு ஒப்பிட்டது. லெஜூன்காரர்களுக்கு பார்க்கின்சன் அபாயம் 70 சதவீதம் அதிகம். அதே வயது, அதே பயிற்சி, குடித்த தண்ணீர் மட்டும் வேறு.

விமானிகள் ஆய்விலும் இதைத்தான் எதிர்பார்க்கிறேன். பறந்த மரைனையும் பறக்காத மரைனையும் வையுங்கள்.

2025 அக்டோபர் 20

எரிகுழிகள். ஈராக்கில் பலாட் தளத்தில் பத்து ஏக்கர் அளவில் குழி, பிளாஸ்டிக், பெயின்ட், மருத்துவக் கழிவு எல்லாவற்றையும் விமான எரிபொருள் ஊற்றி எரித்தார்கள். 2013 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் ஒரு பதிவேடு வைக்கச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களே இணையத்தில் வந்து நீண்ட கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். மூச்சு விட முடியாதவர்களும் கோபக்காரர்களும் நிரப்பினார்கள். நன்றாக இருப்பவர் எதற்கு உட்கார்ந்து நிரப்பப் போகிறார்? இதை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள முடியாது என்று தேசிய அகாதமிகள் 2017லேயே சொல்லிவிட்டன. 2024 ஆகஸ்டில்தான் தலைகீழாக மாற்றினார்கள். பாதுகாப்புத் துறையின் பணிப்பதிவுகளிலிருந்து 47 லட்சம் பேரைத் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளலாம். ஒரு சட்டத்துக்கும் அதை ஒழுங்காகச் செய்வதற்கும் நடுவில் பதினோரு வருடம்.

2025 அக்டோபர் 28

சரி, ஏசஸ் சட்டத்தின் கடைசிப் பக்கம்.

தேசிய அகாதமிகளோடு ஒப்பந்தம் போடு, எந்தெந்தப் பொருளுக்கு ஆளானார்கள் என்று கண்டுபிடி, புற்றுநோய்களின் அளவையும் இறப்பையும் கணக்கிடு. இவ்வளவுதான். விசாரணை வெளியாளிடம், நல்லது. இழப்பீடு பற்றி ஒரு வரி இல்லை. எந்த நோயையும் பட்டியலில் ஏற்றவில்லை. கடற்படை விமானியாக இருந்த மார்க் கெல்லி, விமானப்படையிலிருந்து வந்த ஆகஸ்ட் ஃப்ளூகர் போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொண்டுவந்தது; இரண்டு கட்சியும் சேர்ந்து இவ்வளவு சுலபமாக நிறைவேற்றியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். செலவில்லாத சட்டத்தை எதிர்க்க யாருக்கும் மனம் வராது.

முடிவுக்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிய நோய்களைச் சேர்ப்பதற்கு பேக்ட் சட்டத்தில் கெடுவோடு ஒரு நடைமுறை எழுதி வைத்திருக்கிறார்கள். அகாதமி அறிக்கை வந்தால் அந்த வாசலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். தானாக நகராது. யாராவது தள்ள வேண்டும்.

2025 நவம்பர் 5

"படிக்கப் படிக்கச் சலிப்பாக இருக்கிறது, இப்போது பணியில் இருக்கும் என் தங்கை மகன் என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்லுங்கள்" என்று ஒரு அம்மா.

இருமல், தலைச்சுற்றல், தோல் அரிப்பு எதுவானாலும் முகாம் மருத்துவரிடம் போய்க் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிப்பவருக்குத்தான் பின்னால் காகிதம் இருக்காது. எங்கே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பக்கத்தில் என்ன எரிந்தது என்று தன் கையால் எழுதி வைக்கட்டும். கூட இருந்தவர்களின் பெயரும் வேண்டும், பின்னால் சாட்சிக் கடிதம் எழுத ஆள் தேவைப்படும். பாதுகாப்புத் துறையும் நலத்துறையும் சேர்ந்து ஐலர் என்று, யார் எங்கே எதற்கு ஆளானார் என்ற தனிநபர் பதிவு வைத்திருக்கின்றன. அதில் தன்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்து, விட்டுப்போன இடத்தைச் சொல்லிச் சேர்க்கப் பார்க்கட்டும். விடுவிப்புக்கு முன் மருத்துவக் கோப்பு முழுவதையும் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். இழப்பீட்டு விண்ணப்பத்தை வெளியே வந்த பிறகு போடலாம் என்று விட வேண்டாம். விடுவிப்புக்கு 180 நாள் முதல் 90 நாள் முன்பே போடுவதற்குத் தனி வழி இருக்கிறது. விடுவிப்புக்கு 89 நாளே மிச்சமிருக்கும்போது போனால் அந்த வரிசை கிடையாது, சாதாரண வரிசையில்தான் நிற்க வேண்டும்.